கை நனைக்காத ஏழு நாள்

கரியாலூர்,
24.9.1987, வியாழக்கிழமை.

பெற்ற தகப்பனாருக்கு அடுத்தபடியாக நான் பயப்படுகிற ஒரே மனிதராகிய அண்ணன் காசிநாதன் அவர்களுக்கு, தம்பி செல்லமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெரியநாயகியும் பிள்ளை அன்புச்செல்வனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் சினைமாடும் மேற்குக் கழனிக் கரும்பும் காயில் எரிந்து ரிப்பேருக்குப் போன கிணற்று மோட்டாரும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். பெண் வீட்டில் இன்றுவரை நான் கை நனைக்கவில்லை. ஒரு பருக்கை தொடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாதா? "நா வந்து பொண்ணப் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் எவனும் கை நனைக்கக் கூடாது" என்று நீங்கள் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்தில் உங்களைக் கேட்காமல் தட்டு மாற்றிவிட்டார்கள் என்று பதினோரு வருடம் அந்தத் தெருவையே மிதிக்காமல் ஏரிக்கரை சுற்றிப் போனவர் நீங்கள். என் பிள்ளை கல்யாணத்திலும் அப்படி ஒன்று நடந்து நீங்கள் பந்திக்கு வராமல் போனால் அது எனக்குக் கல்யாணமே இல்லை. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும்.

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினோம். பெண்ணின் அப்பா தங்கதுரை வாத்தியார் தம் வீட்டுக்கு எதிரே ஓர் அறையைப் பெருக்கிப் பாய் போட்டு வைத்திருந்தார். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு இரவுக்குச் சரியாகப் போயிற்று. மறுநாள் காலையில் பெண்ணைப் பார்த்தோம், பெயர் இலக்கியா, நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். கேசரி, காராபூந்தி, காபி கொடுத்தார்கள். பலகாரம் கணக்கில் சேராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், சாப்பிட்டோம். மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்குவீர்கள் என்று நான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒரு சைக்கிள்கூட மேலே வரவில்லை. வாத்தியார் வீட்டு ரேடியோவில்தான் தெரிந்தது, இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே எல்லா ரோட்டிலும் மறியல், மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடாது என்று. கேட்பது கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் பேப்பர் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் மலைமேலே, நீங்கள் கீழே, நடுவில் மரம், வயிற்றில் பசி. இங்கே இருக்கிற ஒரே டீக்கடையும் சர்க்கரை வராது என்று அன்றைக்கே பலகையைச் சாத்திவிட்டது.

மத்தியானம் கூடத்தில் இலை போட்டார்கள். நான் எழுந்து நின்று, "தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே, அண்ணன் வராம கை நனைக்கிறது எங்க வூட்ல பழக்கமில்ல" என்றேன்.

"அவரு வர ஒரு வாரம் ஆவும்னு ரேடியோ சொல்லுதே சம்பந்தி, அதுவரைக்கும் இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"இன்னும் சம்பந்தி ஆவலீங்க" என்றேன். மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிலிருந்து என்னைக் 'கரும்புக்காரரே' என்றுதான் கூப்பிடுகிறார், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பெரியநாயகிக்கும் பிள்ளைக்கும் கண்ணைக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்கள். "எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? நாங்க உள்ள போயி அந்தம்மாவுக்குப் பேச்சுத்துணையா இருக்கோம்" என்று பெரியநாயகி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே பெண்ணின் அம்மா தைலம்மாள் இருந்தார். சாம்பார் கொதிக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வாயைக் கட்டுவது என்றால் எவ்வளவு மனத்திடம் வேண்டும், நீங்களே சொல்லுங்கள். என்னால் கூடத்தில்கூட இருக்க முடியவில்லை, வாசனைக்குப் பயந்து பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடிப்போனேன்.

அண்ணே, அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மலைமேலே வாத்தியார் வீட்டில் என்னடா இருக்கப் போகிறது, ஆறு காணி நஞ்சை உள்ள இடத்தில் பெண் இருக்கும்போது என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். தோட்டம் நம் மாட்டுக்கொட்டகை அளவுகூட இருக்காது. ஆனால் அதற்குள் என்ன இல்லை என்று கேளுங்கள். அவரைப்பந்தல், புடலைப்பந்தல், கூரைமேல் ஏறிய பூசணி, வெண்டை, தக்காளி, பச்சை மிளகாய், நாலு வகைக் கீரை, வேலியோரம் மக்காச்சோளம், இரண்டு பப்பாளி, ஒரு கொய்யா, கிணற்றடியில் சேம்பும் கருணையும். நமக்குப் பத்துக் காணி நிலம் இருக்கிறது, கரும்பும் மரவள்ளியும் லாரி லாரியாய்ப் போகிறது, ஆனால் ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கு அண்ணி தியாகதுருகம் சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். இதை நினைத்தபோது அங்கேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

கொடியில் வெள்ளரிப் பிஞ்சு ஒன்று தொங்கியது. கை தானாகப் போய்விட்டது, நடுவில் நிறுத்தி யோசித்தேன். அப்போது வாத்தியார் பின்னாலேயே வந்து, "பறிச்சித் தின்னுங்க கரும்புக்காரரே. எலை போட்டு ஒக்காந்தாதான் விருந்து. செடிகிட்ட நின்னுக்கினு தின்னா அது கணக்கில்ல, கிளி கூடத்தான் தின்னுது" என்றார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவர், கணக்கில்லை என்று அவரே சொன்ன பிறகு எனக்கு என்ன? ஆறு பிஞ்சு தின்றேன். அதன்பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டேன். நானே பறிக்க வேண்டும், நின்றுகொண்டே தின்ன வேண்டும், வீட்டு அடுப்பில் ஏறியது எதுவும் கூடாது. இந்தச் சட்டத்தை ஏழு நாளும் மீறவில்லை. காலையில் பப்பாளி, மத்தியானம் வெள்ளரியும் தக்காளியும், சாயங்காலம் சருகைக் கூட்டி நானே மூட்டிய நெருப்பில் சுட்ட சோளக்கதிர். பறித்த சூட்டோடு சோளத்தைச் சுட்டால் அதில் இப்படி ஒரு இனிப்பு இருக்கும் என்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

தின்றுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, உழைக்காமல் ஒரு வீட்டுக் காயைத் தின்னக் கூடாது என்று வேலையில் இறங்கினேன். அங்கேதான் வினை. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று வாய்க்காலைத் திறந்துவிட்டேன். நமக்குக் கரும்புக்குப் பாய்ச்சித்தான் பழக்கம், கணுக்கால் நனைகிற வரைக்கும் மடையை அடைப்போமா? ஒரு பீடி பற்ற வைத்துத் திரும்பிப் பார்த்தால் முந்தாநாள் நட்ட கத்தரி நாற்று அத்தனையும் மிதந்து வேலிப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பின்னாலேயே ஓடி ஓடிப் பிடித்து ஒவ்வொன்றாக நட்டேன், அவசரத்தில் மூன்று நாற்றைத் தலைகீழாக நட்டுவிட்டதாகப் பெண் அப்புறம் காட்டினாள். சனிக்கிழமை, தண்ணீர் வேண்டாம், களையாவது எடுப்போம் என்று உட்கார்ந்தேன். நம் கழனியில் எது கண்ணில் பட்டால் பிடுங்குவோமோ அதுவே இங்கே ஒரு பாத்தி முழுக்க மண்டிக் கிடந்தது. இவ்வளவு பெரிய வாத்தியார் இப்படிக் களை மண்ட விட்டிருக்கிறாரே என்று பரிதாபப்பட்டு வேரோடு பிடுங்கி அம்பாரமாகக் குவித்து வைத்தேன். பெண் வந்து பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை.

"மாமா, அது மணத்தக்காளி. நாங்க வெதச்சி வளர்க்கிறது" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்துவிடாதா என்றிருந்தது. "போவுது வுடுங்க, இன்னிக்கிக் கொழம்புக்கு ஆச்சி" என்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சமையலறையிலிருந்து வந்த மணத்தக்காளிக் கீரைக் குழம்பு வாசனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் பிடுங்கிய கீரை, என்னால் தின்ன முடியாத குழம்பு. அதில் பழுத்திருந்த கறுப்புப் பழங்களை மட்டும் ஒரு இலையில் பொறுக்கி வைத்து, "செடியில இருந்ததுதான மாமா, நின்னுக்கினு தின்னுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தாள். என் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறாள். அந்த நிமிஷமே எனக்கு மனசு முடிவாகிவிட்டது, உங்கள் முடிவு தனி.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சோளம் அலுத்துப்போய் கிழங்கு சுடலாம் என்று கிணற்றடியில் தோண்டினேன். லாரி லாரியாய்ச் சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு அனுப்புகிறவனுக்கு எந்தக் கிழங்கு எது என்று தெரியாதா என்ற மிதப்பு. கிடைத்தது கருணை. அதை அரைவேக்காட்டில் சுட்டு இரண்டு கடி கடித்தேன். தொண்டையில் ஆயிரம் எறும்பு. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, பேச்சு வரவில்லை, வேலிப்பக்கம் நின்று இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பெரியநாயகி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அப்போது அவள் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தது போல எனக்குப் பட்டது, பயத்தில் பல்லைக் கடித்திருப்பாள். தைலம்மாள் மோரில் புளியைக் கரைத்துக் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாத்தியார் சத்தமாக, "இது மருந்துங்க, மருந்துக்கு ஏது சம்பந்தம்? டாக்டர் வூட்டுல மருந்து குடிச்சா அவரு பொண்ணக் கட்டிக்கணுமா?" என்றார். குடித்தேன். அது மருந்துதான் அண்ணே, இதை நீங்கள் பெரிசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பேச்சு வராமல் சைகையிலேயே காலம் தள்ளினேன்.

இவ்வளவு அவமானத்துக்கும் பிறகு நான் வருத்தமாக இருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அண்ணே, நான் சந்தோஷமாக இருக்கிறேன். ஏன் என்று எனக்கே முதலில் புரியவில்லை. காலையில் எழுந்ததும் நேற்று விரல் நீளம் இருந்த பீர்க்கம் பிஞ்சு இன்றைக்கு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்கக் கால் தானாக ஓடுகிறது. கரும்பு பத்து மாதம் வளர்ந்தாலும் எந்தக் கரும்பையும் நாம் இப்படித் தனியாகப் பார்த்ததில்லையே? இங்கே இந்த வெண்டைக்கு நான் தண்ணீர் விட்டேன், இந்தத் தக்காளிக்கு நான் குச்சி நட்டேன் என்று ஒவ்வொன்றும் அடையாளம் தெரிகிறது. தலைகீழாக நட்டதைத் திருப்பி நட்ட மூன்று நாற்றில் இரண்டு துளிர்த்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆனால் வீட்டில் எல்லோரும் தோட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். வாத்தியார் புடலைக்குக் கல் கட்டுகிறார், தைலம்மாள் அவரை பறிக்கிறார், இலக்கியா கிணற்றில் இறைக்க அன்புச்செல்வன் குடம் குடமாக ஊற்றுகிறான். ஒரே செடிக்கு மூன்று குடம் ஊற்றுகிறான், அது அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. யாரும் யாரையும் ஏவுவதில்லை, கை ஒரு வேலை செய்ய வாய் ஒரு கதை சொல்கிறது. முந்தாநாள் பெரியநாயகி என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே அவள் சின்ன வயதில் பூனைக்குப் பயந்து நெற்குதிருக்குள் ஒளிந்த கதையைச் சொன்னாள். இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்தக் கதையை நான் கேட்டதில்லை. நம் வீட்டில் நாம் மோட்டார் கொட்டகையில், பெண்கள் அடுப்பங்கரையில், பிள்ளைகள் ரோட்டில். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது பந்தியில்தான், அங்கேயும் நாம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்கள் உட்காருகிறார்கள். ரேடியோவில் கீழே நடப்பதைக் கேட்கிற நேரம் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கேட்கிற செய்தி ஒன்றும் நன்றாக இல்லை, யார் வீட்டுப் பிள்ளையோ என்று மனசு கனத்துப் போகும். அப்புறம் தைலம்மாள், "பாதிப் பாத்தி பாக்கி இருக்குது, வாங்க" என்பார், மறுபடி எழுந்துகொள்வோம்.

இன்னொன்றும் பார்த்தேன். சந்தை இல்லை, காய் லாரி இல்லை, ஆனால் இந்தத் தெருவில் யாரும் தவிக்கவில்லை. வாத்தியார் வீட்டுப் பூசணி நாலு வீட்டுக்குப் போகிறது, நாலு வீட்டிலிருந்து சாமை அரிசியும் தேனும் கீரையும் இங்கே வருகிறது. நம் ஊரில் இந்த ஒரு வாரம் என்ன பாடு என்று நினைத்துப் பார்க்கிறேன். பத்துக் காணிக்குச் சொந்தக்காரர் வீட்டில் உங்களுக்கு ஏழு நாளும் அப்பளமும் ஊறுகாயும்தான் வைத்திருப்பார்கள், பாவம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் பெரியநாயகியும் பிள்ளையும்தான். நான் தோட்டத்தில் எதையாவது கடித்து ஓட்டிவிடுகிறேன். அவர்கள் இரண்டு பேரும் இங்கே ஒரு வெள்ளரிப் பிஞ்சைக்கூட வாங்க மாட்டேன் என்கிறார்கள். "பசிக்கலங்க" என்கிறாள் அவள். "பெரியப்பா இன்னா சொல்லுவாரோன்னு நெனைச்சா சோறே எறங்காதுப்பா" என்கிறான் அவன். உங்கள் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஏழு நாள் பட்டினி கிடந்தும் முகம் வாடாமல் இருக்கிறார்கள், பெரியநாயகிக்குக் கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, மலைக்காற்று போலிருக்கிறது. ஆனாலும் எத்தனை நாள் தாங்குவார்கள்? அவர்களுக்காகவாவது சம்மதம் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், எழுந்து வந்துவிடுகிறேன். ஆனால் அந்தக் கத்தரி நாற்றையும் அந்தப் பெண்ணையும் விட்டுவிட்டு வருவது எனக்கு லேசாக இருக்காது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பஸ் இன்னும் ஓடவில்லை. காலையில் ரோட்டுப் பக்கம் ஏதோ ஹாரன் சத்தம் கேட்டது, லாரியாக இருக்கும், நான் அவரைப்பந்தலுக்கு உள்ளே இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. கடுக்காய் வியாபாரி ஒருவர் கீழே இறங்குகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள கரும்பில் பத்து வரிசையை எடுத்துவிட்டுக் காய்கறி போடலாமா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன். இதற்கும் கோபம் வரும் என்று தெரியும், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாகக் கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணி காலில் விழுந்ததாகச் சொல்லவும். சினைமாட்டைத் தடவிக் கொடுக்கவும். உங்களுக்கு முழங்கால் வலி குறைந்து, நூறு வயது இருந்து, எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்களே முன்னால் நிற்க வேண்டும்.

உங்கள் சொல் தாண்டாத தம்பி,
செல்லமுத்து.

பின்குறிப்பு: மாமாவுக்குப் பெரியநாயகி எழுதிக்கிறது. இத ஒட்டி வியாபாரிகிட்ட குடுன்னு சொல்லிட்டு இவரு நாத்தப் பாக்கப் போயிட்டாரு. நானும் அன்பும் போன வியாழக்கெழம மத்தியானமே கை நனைச்சிட்டோம் மாமா. சமையக்கட்டுல ஒக்காந்து நா ரெண்டு தபா சோறு வாங்கினேன், அவன் மூணு தபா. தப்புதான், நீங்க எங்கள எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க. அன்னிக்கே இவருகிட்டச் சொல்லிடலாம்னுதான் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளரிக் கொடிகிட்ட நின்னுக்கினு தனியா சிரிச்சிக்கினு இருந்தாரு. கட்டிக்கினு வந்த நாளா இவரு தனியா சிரிச்சி நா பாத்ததில்ல. சொல்ல வாய் வரல, நாளைக்கி நாளைக்கின்னு இத்தினி நாளு போயிடுச்சி. காலையில வந்தது லாரி இல்ல, பஸ்ஸுதான். பத்து நிமிஷம் நின்னு ஹாரன் அடிச்சிது, இவரு பந்தலுக்குள்ள போயி குனிஞ்சிக்கினாரு. வியாபாரியும் மேல போயிட்டுத் திரும்பி எறங்கற அந்த பஸ்ஸுலதான் போறாரு. அதனால லெட்டர் கிட்டர் வேணாம் மாமா, நாளைக்கி மொத பஸ்ஸுல அக்காவையும் கூட்டிக்கினு நீங்களே வந்துடுங்க. நீங்க எலையில ஒக்காந்தாதான் இவரும் ஒக்காருவாரு. தைலம்மா அக்கா ஏழு நாளும் இவருக்கும் சேத்துத்தான் ஒலையில அரிசி போடறாங்க.